காஜா பெராங்கில் கல் அரைத்தவன்

கல்லை உடைத்து மாவாக்கி மாடிக்கு அனுப்புகிறவனிடம் அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதில் இல்லாதது ஏதாவது வந்துவிட்டால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு வேலை வாய்த்திருக்கலாம். சமைப்பது நீங்கள், பரிமாறிப் பேர் வாங்குவது வேறொருவர். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

மலாக்கா நகரத்தில் காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு கடைவீட்டில் எங்கள் லேப் இருந்தது. கீழே கொட்டகை, மேலே ஆய்வு அறை. ஈயமா, வெள்ளீயமா, தங்கமா என்று தெரிந்துகொள்ளக் கல்லோடு வருகிறவர்கள் கீழே என்னிடம் கொடுப்பார்கள். நான் காயவைத்து, உடைத்து, அரைத்து, சலித்து, காகிதப் பொட்டலம் கட்டி மேலே அனுப்புவேன். மேலே கெமிஸ்ட் மிஸ்டர் யோங், திராவகத்தில் கரைத்துப் பார்த்து எத்தனை பங்கு உலோகம் என்று எழுதுவார். கீழே எனக்குத் துணை அபாங் பிள்ளை. அபாங் என்றால் மலாயில் அண்ணன். பக்கத்துக் கிராமத்தில் இருந்த, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோன செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நெற்றி நிறைய விபூதி பூசுவார், பேசுவது முழுக்க மலாய். அவர் சொன்னதையெல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

ஒரு சாக்கும் ஒரு கரண்டியும்

கல் கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் வேலையில் பிடிக்காத கட்டம் ஒன்று உண்டு. உடைத்த கல்லைத் தரையில் கூம்பாகக் குவிப்போம். உச்சியைத் தட்டித் தோசை போலப் பரப்பி, பலகையால் நாலாகக் கீறி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கிவிடுவோம். மீதியை மறுபடி குவித்து மறுபடி நாலாக்குவோம். இப்படியே ஒரு சாக்கு குறைந்து குறைந்து இரண்டு கை அளவுக்கு வரும். அதைத்தான் அரைப்பது. ஒதுக்கியதில் ஒரு பங்கைத் தகர டப்பாவில் போட்டு, எண் எழுதி, அலமாரியில் வைத்துவிடுவோம்.

ஆலோர் காஜாவிலிருந்து ஒருவர் பஸ் மாறி, ரிக்‌ஷா பிடித்து, ஒரு சாக்குக் கல்லோடு வந்தார். போகமாட்டேன் என்று பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவை நான் ஒதுக்கும்போதும் அவர் முகம் சுருங்கியது. கடைசியில் நான் கட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். “நான் சுமந்து வந்தது ஒரு சாக்கு, நீங்க மேல அனுப்புறது ஒரு கரண்டி. தங்கம் அந்தப் பக்கத்துக் குவியல்ல உட்கார்ந்திருந்தா அதுக்கு யாருங்க பொறுப்பு?”

மோதிரம்

கொட்டகைக்குள் மோதிரம் போடக் கூடாது. தங்க மோதிரம் கல்லில் உரசினால் கண்ணுக்குத் தெரியாத துகள் போதும், பாவப்பட்ட எவனோ ஒருவனுடைய நிலத்தில் தங்கம் ‘கிடைத்து’விடும். எனக்குக் கல்யாணம் ஆகி மூன்றாம் நாள் வேலைக்குப் போனதும் மிஸ்டர் யோங் ஒரு சிகரெட் டின்னை நீட்டினார். மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டேன்.

சாயங்காலம் அது டின்னிலேயே இருந்துவிட்டது. வீட்டில் என் மனைவி சரோஜா சோறு போடும்போது என் விரலைப் பார்த்தாள். நான் துகள், உரசல், பங்கு என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “கழட்டச் சொன்னது யோங் சார், சரி. திரும்பப் போட்டுக்க வேணாம்னு சொன்னது யாரு?”

பெண் பார்க்கும் கல்

நிலத்தில் நாலைந்து இடத்தில் தோண்டி, வருவதைக் கலந்து கொண்டு வாருங்கள் என்று வாசலில் மூன்று மொழியில் எழுதிப் போட்டிருந்தோம். யாரும் படித்ததில்லை. எல்லாரும் மினுக்குகிற கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அது மினுக்குகிறதே தவிர உள்ளே ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்.

ஜாசின் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கைக்குட்டையில் ஏழு கற்களை முடிந்து கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவியது. “ஐயா, உங்க நிலம் முழுக்க இப்படியா இருக்கு?” என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா வீட்டுல கட்டுற பழம்புடவையோடயா தம்பி கொண்டாந்து நிறுத்துவாங்க?”

மெர்டேக்காக் கல்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த வாரம் காஜா பெராங் முழுக்கக் கொடியும் காகிதத் தோரணமுமாக இருந்தது. அபாங் பிள்ளை கல் உடைக்கும் எந்திரத்திலும் ஒரு சின்னக் கொடியைச் செருகியிருந்தார். அது அதிர்ந்து அதிர்ந்து மத்தியானத்துக்குள் கிழிந்துபோனது.

உஜோங் பாசிரிலிருந்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டி ஓய்வு பெற்ற டிரஸ்ஸர் ஒருவர் வந்தார். முந்தைய வருஷம் இதே மனிதர் இதே மலைச்சரிவுக் கல்லைக் கொண்டு வந்திருந்தார். அப்போது மேலே ஒரு வெள்ளைக்காரர் கெமிஸ்டாக இருந்தார். ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். இப்போது மிஸ்டர் யோங்கும் அதையே எழுதினார். டிரஸ்ஸர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “வெள்ளைக்காரன் இல்லேன்னு சொன்னான், விட்டுட்டேன். நம்ம ஆளும் இல்லேன்னே சொன்னா அப்புறம் என்னய்யா மெர்டேக்கா?”

மாரிமுத்து அண்ணன் கேட்ட உதவி

இனிமேல் வருவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு கித்தா தோட்டத்திலிருந்து, அதாவது ரப்பர்த் தோட்டத்திலிருந்து, மூன்று சாக்குகள் வந்தன. வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுக் கப்பலேறிய தோட்டம் அது. புது முதலாளிக்கு மண்ணுக்கு அடியில் ஏதாவது இருக்குமா என்று சந்தேகம். மூன்று இடத்தில் குழி தோண்டச் சொல்லியிருந்தார். முதல் குழி தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னால், இரண்டாவது ஆற்றோரம், மூன்றாவது ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எங்கள் பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். சாக்குகளைச் சுமந்து வந்தவர் மாரிமுத்து என்கிற பால்மரம் வெட்டுகிறவர். கிராணி தலை மறைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்பதை என் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார். லயத்தில் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறதாம். கல்லில் ஏதாவது இருக்கிறது என்று காகிதம் வந்தால் லயத்தை இடித்துவிட்டுத் தோண்டுவார்களாம். முதலாளி கிராணியிடம் அப்படித்தான் சொன்னாராம். போக வேறு இடம் யாருக்கும் கிடையாது. “அண்ணே, நான் அரைக்கிறவன். கல்லுல உள்ளதுதான் மேல போகும்” என்றேன். அவர் சாக்கின் வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். “ஒண்ணும் இல்லேன்னு வர்ற மாதிரி ஒரு அரைப்பு அரைக்க முடியாதா தம்பி? மாவு அரைக்கிறவங்களுக்குக் கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கும்ல?”

எந்திரத்துக்குப் பொட்டு

தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியிலிருந்து லாரி வரைக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம். அந்தப் பழக்கத்தைக் கொட்டகைக்குக் கொண்டு வந்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மிஸ்டர் யோங்கே தினமும் வாசலில் ஊதுபத்தி கொளுத்துகிறவர் என்பதால் தலையாட்டிவிட்டார். அபாங் பிள்ளைக்கோ ஒரே உற்சாகம். எந்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். சல்லடையைப் பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்தோம். நான் கடையிலிருந்து புதுக் குங்குமம் வாங்கி வந்திருந்தேன். பளபளவென்று நல்ல சிவப்பு. வியர்த்தாலும் நிறம் போகாது என்று கடைக்காரர் சொல்லி விற்றது. கல் உடைக்கும் எந்திரத்துக்கு வெளியே பொட்டு வைத்தேன். அரைக்கும் எந்திரத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுக்கும் பொட்டு வைத்தவர் அபாங் பிள்ளை. பொட்டு என்றால் நெற்றிப் பொட்டு இல்லை, அவருக்குத் தாராளமான கை. கட்டைவிரலால் அப்பி, மேலே ஒரு சிட்டிகை தூவியும் விட்டார். ஏன் உள்ளே என்று கேட்டேன். வேலை செய்கிறது அந்தத் தட்டுதானே என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலை தோட்டத்துச் சாக்கு. எங்கள் சட்டப்படி ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் வெறும் வெள்ளைக்கல்லைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். போன கல்லின் மிச்சம் அதோடு போய்விடும். அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. பூஜைக்குக் கழுவிய எந்திரத்தைவிடச் சுத்தமானது உலகத்தில் உண்டா? அது மட்டுமில்லை, சாமி காரியமாக வைத்த பொட்டை வெறும் கல்லைப் போட்டுத் தேய்த்துக் கொட்டவும் மனசு வரவில்லை. அது நல்ல கல்லோடு சேர்ந்து போனால் போகட்டும் என்று நினைத்தேன். கல்லும் செம்மண் கல், மாவில் சிவப்பு தெரியவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அரைத்து முடித்தேன். எந்திரம் அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக ஓடியதாக எங்கள் இருவருக்குமே தோன்றியது. அபாங் பிள்ளை அதைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்: “பார்த்தியா, மரியாதை கொடுத்தா இரும்பும் மரியாதை கொடுக்குது.”

ஒன்று, இரண்டு, மூன்று

நாலு நாள் கழித்து மிஸ்டர் யோங் தாமே கீழே இறங்கி வந்தார். அவர் இறங்கி வருவது அபூர்வம். தோட்டத்துக் கல்லில் வெள்ளீயம் இல்லை, ஆனால் ஈயம் இருக்கிறது என்றார். முதல் குழியில் நிறைய. இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. மூன்றாவதில் சும்மா பேருக்கு. லயத்துக்கு அடியில்தான் தாது இருக்கிறது, ஆற்றுப் பக்கம் போகப் போகக் குறைகிறது என்று கையால் காற்றில் படம் வரைந்து காட்டினார். காகிதம் தட்டச்சு ஆகிவிட்டது, மறுநாள் கிராணி வந்து வாங்கிக்கொள்வார்.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். முதலில் நிறைய, பிறகு குறைவு, பிறகு சொற்பம். அது குழிகளின் வரிசை இல்லை, நான் அரைத்த வரிசை. எந்திரத்துக்குள் இருந்த எதுவோ ஒவ்வொரு அரைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு போயிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மிஸ்டர் யோங் மேலே போனதும் அபாங் பிள்ளையைப் பார்த்தேன். அவரும் கணக்குப் போட்டு முடித்திருந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். என் சரோஜா முழுகாமல் இருந்தாள். வெள்ளைக்கல் போடாமல் அரைத்தவனை எந்த லேப்பும் வைத்துக்கொள்ளாது.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஒன்றும் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருடைய கல்லாக இருந்திருந்தால், மாரிமுத்து அண்ணன் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் நிற்காமல் இருந்திருந்தால், நான் வாயைத் திறந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. நாலு மணிக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தேன். அபாங் பிள்ளை விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தார். “தட்டுல பொட்டு வச்ச கை என்னோடது. நீ மட்டும் போனா அவர் பாதிக் கதைதான் கேப்பார்.”

நாலாவது பொட்டலம்

மிஸ்டர் யோங் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு மிச்சக் குங்குமத்தைக் கொண்டு வரச் சொன்னார். வாடிக்கையாளர் பேரேட்டைத் திறந்து அதற்கும் முறையாக ஓர் எண் போட்டார். ‘எடுத்த இடம்’ என்ற கட்டத்தில் ‘கடை’ என்று எழுதினார். திராவகத்தில் போட்டுப் பார்த்தபோது அதில் மஞ்சளைவிட, சிவப்புக்காகக் கலந்த ஈயச் செந்தூரம்தான் அதிகமாக இருந்தது. எந்தச் சுரங்கத்துக்காரனும் கண்டால் ஆனந்தக் கண்ணீர் விடுவான்.

அலமாரியில் இருந்த தகர டப்பாக்களை இறக்கினேன். நல்ல வேளை, ஒதுக்கிய பங்கு அரைக்கும் எந்திரத்துக்குள் போகாதது. வெள்ளைக்கல்லை மூன்று தடவை போட்டு அரைத்துக் கொட்டினேன். இந்தத் தடவை மிஸ்டர் யோங் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது சாக்கின் டப்பாவை முதலில் அரைக்கச் சொன்னார். எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதிப் பாதி வேறு. அந்தக் கல்லில் நிஜமாகவே ஈயம் இருந்துவிட்டால்? அப்போது பன்னிரண்டு குடும்பத்தின் கூரையைச் சுத்தமான எந்திரத்தில், சட்டப்படி, என் கையாலேயே அரைத்துக் கொடுத்தவன் ஆவேன். கிராணியைக் காகிதம் தயாராகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே கடைக் குங்குமம்தான் சரோஜாவும் தினம் வைத்துக்கொள்வது. டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். அவள் தடுக்கவில்லை. நெற்றியைத் துடைத்துத் துடைத்து, துணியைப் பார்த்தாள். “கல்லுக்கு ஒரு பொட்டு ஆகலேன்னு இத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டுத் திரியுறீங்க. இத்தனை நாளா என் நெத்தியில இருந்ததை எந்த யோங் சாரு வந்து பார்த்தாரு?” அவளுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே குங்குமம் செய்துகொள்ளச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மிஸ்டர் யோங் எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். மூன்று குழியிலும் ஒன்றும் இல்லை. வெறும் செம்மண் கல். முதல் காகிதத்தை எங்கள் கண் முன்னால் கிழித்து, புதியதில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. வேலையை விட்டுத் தூக்குவாரா என்று கேட்கத் தைரியம் இல்லாமல் இருவரும் நின்றோம். அவர் பேனாவை மூடினார். “அடுத்த வருஷமும் பூஜை செய்யுங்கள். ஆனால் சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் குங்குமத்தை எனக்குக் காட்டுங்கள்.”

சேவல்

ஒரு மாதம் கழித்து மாரிமுத்து அண்ணன் தனியாக வந்தார். கையில் கால் கட்டிய சேவல், இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முதலாளிக்கு ஆசை விட்டுப் போனதாம். குழிகளை மூடச் சொல்லிவிட்டாராம். லயம் அப்படியே இருக்கிறது, இப்போதைக்கு யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்ற விதத்தில் ஏதோ தப்பு தெரிந்தது. முதலில் ஈயம் இருக்கிறது என்று வந்த செய்தி எப்படியோ கிராணி காதுக்குப் போய், அங்கிருந்து தோட்டம் வரை போயிருக்கிறது. பிறகு திடீரென்று ‘ஒன்றும் இல்லை’ என்று காகிதம். நடுவில் என்ன நடந்தது என்பதை லயத்தில் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நான் பதறிப்போய் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். பூஜை, பொட்டு, தட்டு, வெள்ளைக்கல், மறுபடி அரைத்தது எல்லாம் சொன்னேன். உங்கள் மண்ணில் நிஜமாகவே ஒன்றும் கிடையாது, நான் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தேன். அபாங் பிள்ளையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைத்தேன். அவர் மலாயில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது காரியத்தை இன்னும் கெடுத்தது. மாரிமுத்து அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார். சேவலை மேசைக்காலில் கட்டினார். “குங்குமம்னே வச்சிக்குவோம் தம்பி, யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. நீங்க எங்களுக்காகப் பொய் சொன்னது லயத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா ஒருத்தர் மூச்சு விட மாட்டாங்க.”

அரைத்துக் கொடுக்கும் வேலையில் எத்தனையோ வருஷம் உண்மையை மட்டுமே பொட்டலம் கட்டி அனுப்பியும் என்னை யாரும் கும்பிட்டதில்லை. ஒரு தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது, நான் சொல்லாத ஒரு பொய்க்காக.